சட்டைப்பையில் இருந்த எட்டடி மனிதர்

90களில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவங்ககிட்ட ஒரு கேள்வி. ஜெயண்ட் கொன்சாலஸ் உயரம் எவ்வளவு?

யோசிக்காம சொல்லிருப்பீங்க. 8 அடி.

சரி, அவர் ஜெயிச்ச ஒரே ஒரு மேட்ச் சொல்லுங்க பார்ப்போம்.

வராது. எனக்கும் வராது. ஏன்னா நம்மில் முக்கால்வாசிப் பேர் அவர் சண்டை போட்டு பார்த்ததே இல்லை. டபிள்யூ.டபிள்யூ.எஃப் என்ற அந்தக் கம்பெனியில் அவர் இருந்தது 1993 ஜனவரியில் இருந்து அக்டோபர் வரை. ஒரு வருஷம்கூட முழுசா இல்லை. ஆனா நம்ம சட்டைப்பையில் அவர் பத்து வருஷம் இருந்தார்.

விளையாடின விளையாட்டால பேர் வாங்கினவங்க ஒரு பக்கம். அட்டையால பேர் வாங்கினவங்க இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றித்தான் இந்த நீண்ட பதிவு. ஒரு மருத்துவனா எனக்கு இதில் சொல்ல வேண்டிய விஷயம் கொஞ்சம் இருக்கு. பொறுமையா படிங்க.

2000க்குப் பிறகு பிறந்தவங்களுக்காக முதல்ல ஆட்டத்தைச் சொல்லிடறேன்.

ட்ரம்ப் கார்டுன்னு ஒரு சீட்டுக்கட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு மல்யுத்த வீரர் படம். கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், போட்ட சண்டை, ஜெயிச்ச சண்டைன்னு எண்கள். கட்டை சமமா பிரிச்சுக்கணும். ஒருத்தன் தன் மேல் சீட்டைப் பார்த்து "எடை 505"னு கூப்பிடுவான். எதிராளி சீட்டில் அதைவிடக் குறைவா இருந்தா சீட்டு அவனுக்கு. ரேங்க் மட்டும் தலைகீழ், சின்ன நம்பர்தான் பெருசு. இங்கிலாந்தில் 1978ல் டாப் டிரம்ப்ஸ்னு கார், விமானம், கப்பல் படங்களோட வந்த ஆட்டம்தான் இது. நம்ம ஊருக்கு வந்தபோது காரை இறக்கிட்டு ஹல்க் ஹோகனை ஏத்திட்டாங்க.

1991ல ஸ்டார் டிவி வந்தது. கேபிள் வயர் வீடு வீடா ஏறினது. ஆனா செவிலிமேட்டில் எல்லா வீட்டுக்கும் ஏறல. நெசவாளர் வீட்டில் பட்டுத்தறிக்கு இடம் போக மிச்சம் இருக்கிற இடத்தில்தான் குடும்பமே இருக்கும். டிவி இருக்கிற ஒரு வீட்டு வாசலில் பத்துப் பசங்க நிப்போம். சண்டை நடக்கிறப்பதான் தறிக்குக் கூப்பிடுவாங்க. கோர்வைச் சேலைக்கு உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள இன்னொரு கை வேணும். அந்தக் காலத்தில் அந்த இன்னொரு கை பெரும்பாலும் ஒரு பையனோட கை. சேலை உடுத்தறவங்களுக்கு இது தெரியணும், அதனால சொல்றேன்.

அதனால எங்களுக்கு மல்யுத்தம்னா டிவி இல்லை, அட்டை. தார் சுத்திக் கொடுத்த காசில் ஒரு கட்டு. பாலாத்து மணலில் உட்கார்ந்து ஆட்டம். எங்க தெருவில் அட்டைன்னா அதுவரைக்கும் தறிக்கு மேல தொங்குற ஜக்கார்டு அட்டைதான். ஓட்டை போட்டு, நூலில் கோர்த்து, அன்னமும் மயிலும் உள்ளே இருக்கும். அது வீட்டுச் சோறு. இது எங்க சொத்து.

அந்தச் சொத்தில் பெரிய நோட்டு ஜெயண்ட் கொன்சாலஸ். உயரம்னு சொன்னா போதும், எதிர்ல யார் வந்தாலும் சீட்டு நமக்கு.

அட்டையால் ஆள் பெரியவனாகிறது நம்ம கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டக்காரர்களுக்கு இது நூறு வருஷத்துக்கு மேல நடந்துட்டு இருக்கு. முதல்ல சிகரெட் பெட்டி நசுங்காம இருக்க உள்ளே வெச்ச அட்டைதான் அது. அப்புறம் அதில் படம் போட்டாங்க. அப்புறம் படத்துக்காகவே பெட்டி வாங்க ஆரம்பிச்சாங்க. ஹோனஸ் வாக்னர்னு ஒரு பெரிய ஆட்டக்காரர். அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909ல் வெளியிட ஆரம்பிச்ச அட்டை வரிசையில் அவர் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. குழந்தைகள் தன் படத்துக்காக சிகரெட் வாங்கக் கூடாதுன்னு அவர் மறுத்தார்னு ஒரு பேச்சு, காசு தரலைன்னு மறுத்தார்னு இன்னொரு பேச்சு. மருத்துவனா எனக்கு முதல் கதை பிடிக்கும். ஆனா மனுஷர் தானே புகையிலை போடுறவர், அதையும் சொல்லணும். அந்த அட்டையில் ஒண்ணு 2022ல் 72 லட்சம் டாலருக்கு மேல போனது.

வாக்னராவது ஜாம்பவான். பில்லி ரிப்கென்னு ஒருத்தர், 12 சீசன் பெரிய லீகில் ஆடினவர். அண்ணன் கால் ரிப்கென் மாபெரும் நட்சத்திரம். தம்பியை இன்னிக்கு எதுக்கு ஞாபகம் வெச்சிருக்காங்க தெரியுமா? 1989ல் ஃப்ளீர் கம்பெனி போட்ட அட்டையில் அவர் பிடிச்சிருந்த மட்டையின் அடிக்குமிழில் ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருந்தது. அச்சாகி வெளியே வரும்வரை யாரும் கவனிக்கல. பயிற்சி மட்டையை அடையாளம் தெரியறதுக்காக நானேதான் எழுதினேன்னு பல வருஷம் கழிச்சு அவரே ஒத்துக்கிட்டார். 12 வருஷ உழைப்பு ஒரு பக்கம், ஒரு குமிழ் ஒரு பக்கம்.

நம்ம கதைக்கு வருவோம்.

கொன்சாலஸின் பெயர் ஹோர்ஹே கொன்சாலஸ். 1966 ஜனவரி 31ல் அர்ஜென்டினாவின் ஃபார்மோசா மாகாணத்தில், எல் கொலராடோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். பதின்ம வயசில் நிற்காம வளர்ந்தார். அந்த உயரத்துக்கு ஊரில் ஒரு வேலைதான் தெரியும்: கூடைப்பந்து. நல்லாவே ஆடினார், தேசிய அணி வரைக்கும் போனார். 1988ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீகில் அட்லாண்டா ஹாக்ஸ் அணி அவரை மூணாவது சுற்றில் தேர்ந்தெடுத்தது.

அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடலை. அவ்வளவு பெரிய உடம்பும் முட்டியும் அந்த வேகத்துக்கு ஒத்துழைக்கல.

ஹாக்ஸ் அணியின் முதலாளி டெட் டர்னர். சி.என்.என். ஆரம்பிச்சவர். அவர்கிட்ட ஒரு மல்யுத்தக் கம்பெனியும் இருந்தது, டபிள்யூ.சி.டபிள்யூ. கூடைப்பந்துக்கு ஆகாத ஆளை அந்தப் பக்கம் மாத்தி விட்டாங்க. 1990ல் 'எல் ஹிகாந்தே' என்ற பெயரில் ரிங்குக்கு வந்தார். ஸ்பானிஷில் ராட்சசன்னு அர்த்தம்.

1993 ஜனவரி 24ல் ராயல் ரம்பிள் போட்டியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-க்குள் நுழைஞ்சார். பெயர் ஜெயண்ட் கொன்சாலஸ். உயரம் 8 அடின்னு அறிவிச்சாங்க. உண்மையான உயரம் ஏழரை அடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஏழரை அடி மனுஷனுக்கே அரை அடி சேர்த்து விக்கிற தொழில் அது.

அவர் போட்டிருந்த உடை ஞாபகம் இருக்கா? தோல் நிறத்தில் உடம்போட ஒட்டின ஒரு சூட். அதில் தசைகளை வரைஞ்சிருப்பாங்க, அங்கங்கே முடியை ஒட்டிருப்பாங்க. ஏன் வரைஞ்சாங்க? அவர் உடம்பில் அந்தத் தசை இல்லை. எங்க அட்டையில் மார்பளவு, பைசெப்ஸ்னு போட்டிருந்தது ஒரு பெயிண்டரோட கைவண்ணம்.

1993 ஏப்ரல் 4, லாஸ் வேகாஸ், ரெசில்மேனியா ஒன்பது. எதிரி அண்டர்டேக்கர். ஏழு உயிர் இருக்குன்னு நாம நம்பின அதே அண்டர்டேக்கர். கொன்சாலஸ் குளோரோஃபார்ம் நனைச்ச துணியை அவர் மூக்கில் வெச்சு மயக்கினதா ஒரு காட்சி. விதியை மீறினதால் கொன்சாலஸ் தோத்தார். (குளோரோஃபார்ம் துணியை வெச்சா சினிமா மாதிரி நாலு நொடியில் யாரும் மயங்க மாட்டாங்க. நிமிஷக்கணக்கில் இழுக்கணும், அளவு தப்பினா இதயம் நின்னுடும். எங்க துறையில் அதைக் கைவிட்டு ரொம்ப காலம் ஆச்சு.) ஆகஸ்டில் திரும்ப மோதினாங்க. திரும்பத் தோத்தார். அக்டோபரில் கம்பெனியை விட்டே போயிட்டார். அதுக்குப் பிறகு ஜப்பானில் கொஞ்ச நாள். அப்புறம் அர்ஜென்டினாவுக்கே திரும்பிட்டார்.

நாம அட்டையில் அவரை வெச்சு ஜெயிச்சுட்டு இருந்த காலத்தில், அங்கே அவர் நடமாட்டம் குறைஞ்சு சக்கர நாற்காலிக்குப் போயிட்டு இருந்தார். 2010 செப்டம்பர் 22ல் நீரிழிவு நோயின் சிக்கல்களால் இறந்தார். வயது 44.

இப்ப என் துறை.

நம்ம மூளைக்கு அடியில், மூக்குக்குப் பின்னாடி, பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கு. பிட்யூட்டரி. அது சுரக்கிற பல ஹார்மோன்களில் ஒண்ணு வளர்ச்சி ஹார்மோன். அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வந்து, இந்த ஹார்மோனை அளவில்லாம கொட்ட ஆரம்பிச்சா என்ன ஆகும்? பெரும்பாலும் இது புற்றுநோய்க் கட்டி இல்லை. ஆனா செய்யற வேலை பெரிய வேலை.

எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டுகள் மூடறதுக்கு முன்னாடி, அதாவது சின்ன வயசில் வந்தா, எலும்பு நீண்டுகிட்டே போகும். இதை ஜைகான்டிசம்னு சொல்றோம். மூடின பிறகு வந்தா உயரம் ஏறாது. கை, கால், தாடை, மூக்கு, நாக்கு பெருக்கும். இது அக்ரோமெகாலி. 1886ல் பியர் மரீ என்ற பிரெஞ்சு மருத்துவர் வெச்ச பெயர்.

இந்த ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது, அதனால சர்க்கரை நோய் வரும். ரத்த அழுத்தம் ஏறும். இதயச் சுவர் தடிக்கும். மூட்டு தேயும். உடம்பு பெருசா தெரியும், ஆனா தசைக்குப் பலம் இருக்காது. அந்த வரைஞ்ச தசை சூட்டுக்குப் பின்னாடி இருந்தது இதுதான்.

நாங்க எதை "உயரம், எட்டடி!"ன்னு கத்தி மேலே போட்டோமோ, அது நோயோட ஒரு அளவு.

இன்னொரு தேதி சொல்றேன். கொன்சாலஸ் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-ல் நுழைஞ்சு சரியா நாலாவது நாள், 1993 ஜனவரி 28, பாரிஸில் ஒரு ஹோட்டல் அறையில் ஆந்த்ரே தி ஜெயண்ட் இறந்து கிடந்தார். அப்பாவின் இறுதிச் சடங்குக்காக பிரான்ஸ் போயிருந்தார். வயது 46. இதயச் செயலிழப்பு. அவருக்கும் அக்ரோமெகாலிதான். ஒரு ராட்சசன் போறதுக்குள் இன்னொரு ராட்சசன் ரெடி. கம்பெனிக்கு அது ஒரு வேடம். ஆள் மாறலாம், வேடம் காலியா இருக்கக் கூடாது.

உயரத்துக்கு கொன்சாலஸ்னா, எடைக்கு யோகோசூனா. 505 பவுண்டு, கிட்டத்தட்ட 229 கிலோ. ஜப்பான் கொடி, சுமோ கொண்டை, உப்பு தூவுறதுன்னு வருவார். ஆள் ஜப்பானியரே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த சமோவா வம்சாவளிக்காரர், ரோட்னி அனோவாய். இன்றைய பிள்ளைகளுக்குப் புரியும்படி சொன்னா, ரோமன் ரெய்ன்ஸின் பெரியப்பா–சித்தப்பா வழி அண்ணன்.

இவர் நிஜமாவே பெரிய வீரர், சாம்பியன் பட்டம் வாங்கினவர். ஆனா அவர் எடைதான் அவருடைய விளம்பரம். எடை ஏற ஏற அறிவிப்பும் ஏறினது. ஒரு கட்டத்தில் நடக்க முடியாம போனதும் அதே கம்பெனி எடை குறைக்கச் சொல்லி அனுப்பினது. குறையல. நியூயார்க் மாநில விளையாட்டு ஆணையம் சண்டை போட உரிமம் தர மறுத்தது. 1998ல் கம்பெனி அவரை விட்டுடுச்சு. 2000 அக்டோபர் 23ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஒரு ஹோட்டல் அறையில் நுரையீரலில் நீர் கோத்து இறந்தார். வயது 34. நாங்க அப்பவும் "எடை"ன்னு கூப்பிட்டுட்டுதான் இருந்தோம்.

பைசெப்ஸுக்கு வந்தா கதை வேற மாதிரி. அது கட்டி செஞ்ச வேலை இல்லை, ஊசி செஞ்ச வேலை. இங்கே என் தொழிலைச் சேர்ந்த ஒருத்தர் வர்றார், மறைக்க முடியாது. ஜார்ஜ் ஸஹோரியன், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சிறுநீரகவியல் மருத்துவர். மல்யுத்தப் போட்டிகளில் வீரர்களின் உடல்நிலையைப் பார்க்க ரிங்குக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியவர். அவரே வீரர்களுக்கு ஸ்டீராய்டு சப்ளை பண்ணினார்னு 1991ல் கோர்ட் குற்றவாளின்னு சொன்னது. 1994ல் கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மேன் மேலயும் வழக்கு. சாட்சி சொன்ன ஹல்க் ஹோகன், பத்து வருஷத்துக்கு மேல ஸ்டீராய்டு எடுத்ததா ஒத்துக்கிட்டார். முதலாளி விடுதலை ஆனார்.

பிரிட்டிஷ் புல்டாக், ஞாபகம் இருக்கா? கழுத்தே தெரியாது, தோள்தான் தெரியும். 2002 மே மாசம் மாரடைப்பில் போனார். 39 வயசு. மாச்சோ மேன் ராண்டி சாவேஜ் 2011ல் கார் ஓட்டிட்டு இருக்கும்போதே இதயம் நின்னு போனார், 58 வயசு. இவர் மல்யுத்தத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நாலு சீசன் பேஸ்பால் சின்ன லீக்குகளில் ஆடினவர். வலது தோள் அடிபட்டதும் இடது கையால் பந்து எறியக் கத்துக்கிட்டார். அவ்வளவு பிடிவாதம். பேஸ்பாலில் பெரிய லீக் வாய்ப்பு கிடைக்கல. இங்கே வந்து நம்ம அட்டைக் கட்டில் சேர்ந்தார்.

க்ரஷ்னு ஒருத்தர், நிஜப்பெயர் பிரையன் ஆடம்ஸ், 2007ல் 43 வயசில் போயிட்டார். 1996ல் அக்ஷய் குமார் நடிச்ச 'கிலாடியோன் கா கிலாடி' படத்தில் வருவார். அதே படத்தில் வர்ற அண்டர்டேக்கர் அசல் அண்டர்டேக்கர் இல்லை, பிரையன் லீ என்ற வேற மல்யுத்த வீரர். இதுக்காக எத்தனை நட்பு முறிஞ்சிருக்கும் நம்ம தெருக்களில்!

இந்த அட்டைகளை இன்னிக்குப் பரப்பி வெச்சா, எனக்கு அது பழைய கேஸ் ஷீட் கட்டு மாதிரித்தான் தெரியுது.

எல்லாம் இப்படியே முடியலை. பிக் ஷோவைத் தெரியும்ல? பால் வைட். அவருக்கும் அதே நோய், அதே பிட்யூட்டரி. ஆனா இளம் வயசிலேயே கண்டுபிடிச்சு 90களின் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செஞ்சாங்க. வளர்ச்சி நின்னது. 1999ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப்-க்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல தொழிலில் இருந்தார்.

நம்ம தி கிரேட் காலி, தலிப் சிங் ராணா. இமாச்சலப் பிரதேசத்துக்காரர், பஞ்சாப் போலீஸில் இருந்தவர், 2007ல் உலக ஹெவிவெயிட் சாம்பியன். 2012 ஜூலையில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் அவருடைய பிட்யூட்டரி கட்டியை எடுத்தாங்க. அப்போ அவருக்கு 39 வயசு. ஆந்த்ரேவுக்கும் கொன்சாலஸுக்கும் நோய் ஜெயிச்சது, இவங்க இரண்டு பேருக்கும் வைத்தியம் ஜெயிச்சது.

மண்டையைத் திறக்கணுமான்னு கேட்பீங்க. பெரும்பாலும் வேண்டாம். மூக்கு வழியா உள்ளே போய் எடுத்துடுவாங்க. முழுசா எடுக்க முடியலைன்னா ஊசி மருந்து இருக்கு, கதிர்வீச்சு இருக்கு. கண்டுபிடிக்க ஐ.ஜி.எஃப்-1 என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் ஆரம்பிக்கலாம். அது அதிகமா இருந்தா குளுக்கோஸ் குடிக்க வெச்சு ஒரு பரிசோதனை, அப்புறம் எம்.ஆர்.ஐ. செவிலிமேட்டில் இருந்து வேலூர் சி.எம்.சி.க்கும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும் சில மணி நேரம்தான். இரண்டு இடத்திலும் இதுக்கான துறைகள் இருக்கு.

சிக்கல் எங்கேன்னா, நோய் மெதுவா வரும். தினம் கண்ணாடி பார்க்கிறவருக்கே தெரியாது. கூட இருக்கிறவங்களுக்கும் தெரியாது. பல வருஷம் கழிச்சு வர்ற சொந்தக்காரர்தான் "என்னப்பா, முகமே மாறிப் போச்சு"ன்னு சொல்வார். அவர் சொல்றதை அலட்சியப்படுத்தாதீங்க.

கல்யாண மோதிரம் இறுகுதா? உடம்பு எடை ஏறாமலே செருப்பு சைஸ் ஏறுதா? கீழ்த்தாடை முன்னாடி வந்து பல்லுக்கு நடுவில் இடைவெளி விழுதா? ஓயாத தலைவலி, ரொம்ப வியர்வை, பெரிய குறட்டை, இரண்டு பக்கவாட்டிலும் பார்வை மங்கறது, இதோட சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து வருதா? ஒண்ணு மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம், நாலு சேர்ந்து இருந்தா மருத்துவரைப் பாருங்க.

எங்க ஊருக்குன்னு ஒண்ணு தனியா சொல்லணும். கை மரத்துப் போறது. நெசவாளருக்கு கை மரத்தா, "தறியில உட்கார்ந்தா வராதா"ன்னு விட்டுடறோம். முக்கால்வாசி நேரம் அது தறியால்தான். ஆனா இந்த நோயிலும் மணிக்கட்டு நரம்பு நெரிஞ்சு அதே மாதிரி மரக்கும். மரத்த கையில் மோதிரமும் இறுகினா, தறி மேல பழி போட்டுட்டு உட்காராதீங்க.

மருத்துவர்கிட்ட போகும்போது பழைய போட்டோ எடுத்துட்டுப் போங்க. கல்யாண ஆல்பம், பழைய வாக்காளர் அட்டை, ஆதார் எதுவா இருந்தாலும் சரி. பத்து வருஷத்து முகத்தை வரிசையா வெச்சுப் பார்த்தா, ஸ்கேனுக்கு முன்னாடியே பாதி விடை கிடைச்சிடும்.

இதைப் படிச்சிட்டு "என் பையன் எட்டாவது படிக்கிறான், என்னைவிட உயரமா இருக்கான், பரிசோதனை எடுக்கணுமா டாக்டர்?"னு கமெண்டில் கேட்கப் போறீங்க, தெரியும். அப்பா அம்மா, தாய்மாமன், பாட்டன் யாராவது உயரமா இருந்தா கவலையே வேண்டாம். பருவ வயசில் திடீர்னு உயரறதும் இயல்பு. குடும்பத்தில் யாருக்கும் இல்லாத உயரமா, கூடவே தலைவலியோ பார்வைக் குறைவோ இருக்கா, உடன் படிக்கிற எல்லாரையும் தாண்டி நிற்காம ஏறிட்டே போறானா, அப்போ குழந்தை மருத்துவர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வெச்சுப் பார்ப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு இன்னொரு புள்ளி. பெரும்பாலும் அதுக்கு மேல எதுவும் தேவைப்படாது.

மற்ற சந்தேகங்களை கீழே கேளுங்க, ராத்திரி கிளினிக் முடிச்சு வந்து பதில் போடறேன்.